மடிப்பு தொட்டதெல்லாம்

எங்கள் வீதியில் அவளை எல்லோரும் மடிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். முழுக்கைச் சட்டையை அவள் தேய்த்துக் கொடுத்தால் கையில் விழுந்த மடிப்பு சாயங்காலம் கழற்றிப் போடும் வரைக்கும் அப்படியே நிற்கும். மற்றவர்கள் காலரை நடுவிலிருந்து தேய்த்து நுனியில் சுருக்கத்தைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவள் இரண்டு நுனியிலிருந்தும் தொடங்கி நடுவுக்கு வருவாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் தேய்க்கிற லாண்டரியை ஒட்டின கடை என்னுடையது. ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, நீளம் குறைப்பது, அவ்வளவுதான். புதுத்துணி தைக்க மாட்டேன். வருகிறவர்களோடு அளவுக்காக மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாகக் கதை கேட்க வேண்டும் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாண்டரி கீழே, வீடு மேலே, பின்பக்கம் அழுக்குத் துணி போட்டுவைக்க ஒரு சாமான் அறை. மடிப்பின் மாமனார் கட்டினது. அவருக்கு இரண்டு பையன்கள். மூத்தவர் கல்லாவில் உட்கார்ந்துகொள்வார். சின்னவன், அதாவது மடிப்பின் வீட்டுக்காரன், வேன் ஓட்டிக்கொண்டு லாட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்த் துணி எடுத்து வருவான். மூத்தவரின் மனைவி மேலே சமையலும் வீடுமாக இருப்பாள். மடிப்புக்கு ஓரகத்தி முறை. அவர்களுக்கு ஒரே பெண், குட்டி என்று கூப்பிடுவோம். மடிப்புக்குப் பிள்ளை இல்லை.

சின்னவன் இளைத்துக்கொண்டே போய் ஒருநாள் படுத்தான். இருமல் என்றார்கள், காசநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் மூத்தவரையும் மடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து எச்.ஐ.வி. என்று சொன்னார். அவன் போய்ச் சேர்ந்த கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்க வைத்தவரும் மூத்தவர்தான். அவளுக்கும் இருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு வேளை மாத்திரை, அதை விடாமல் போட்டாள். முகம் தெளிந்தது, உடம்பு தேறியது, அடுத்தடுத்த பரிசோதனையில் கிருமி கண்ணுக்கே தட்டுப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று சொன்னார்களாம். அவள் என்னிடம் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "வேற யாருக்குத் தெரியும்?" என்பதுதான்.

"மாமாவுக்கு மட்டும்தான்கா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்காரு. பெரியக்காவுக்குக்கூடத் தெரியாது."

நல்ல மனுஷன் என்று நானும் நினைத்தேன். இரண்டு வருஷம் அவள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த மேஜை முன்னால் நின்றாள். அவள் போட்ட டீயை அவர் குடித்தார். அவள் தேய்த்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். நோய் அப்போதெல்லாம் அவருக்கு ஒட்டிக்கொள்ளவே இல்லை.

எப்போது ஒட்ட ஆரம்பித்தது தெரியுமா? அவள் ஒருநாள், "மாமா, அவரோட பாகத்தை என் பேருக்கு மாத்திக் கொடுத்துடுங்க, எனக்கும் வயசாகுது," என்று கேட்டாள். அந்த வாரம் முடிவதற்குள் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்தபடியே, ஒவ்வொருத்தர் பையைக் கட்டிக் கொடுக்கும்போதும், குரலைத் தாழ்த்தி, "இனிமே நம்ம கடைல அவ கை படாது சார், நீங்க பயப்படாம குடுங்க," என்று அவரே சொல்லியிருக்கிறார். கேட்காதவனுக்கும் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் நம் ஜனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மருந்துக்கடைக்காரர் அவள் நீட்டின நோட்டை ஒரு காகிதத்தால் பிடித்து வாங்கினார். ஊருக்கே மருந்து விற்கிற ஆள்! டீக்கடையில் அவளுக்கு மட்டும் காகிதக் கப். டீச்சர் ஒருத்தி என்னிடம் வந்து, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் அந்தக் கிருமி செத்துப்போகுமா, இல்லை உருகித் துணியில் இறங்கிவிடுமா என்று கேட்டாள். உருகுவதற்கு அது என்ன மெழுகா என்று கேட்டு அனுப்பினேன். இன்னும் சில பேர் அவள் நடத்தையைப் பற்றிப் பேசினார்கள். ஊர் ஊராக வேன் ஓட்டினவன் செத்ததும் உத்தமனாகிவிட்டான், மேஜையை விட்டு நகராதவளுக்கு நடத்தைச் சான்றிதழ் வேண்டுமாம்.

என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. "கொஞ்ச நாளைக்கு நம்ம துணியை வேற எடத்துல குடுக்கலாமே," என்று இழுத்தார். நான் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் ஒயரைக் கத்தரித்துப் போட்டேன். கசங்கின சட்டையோடு ஆபீசுக்குப் போய் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த பிறகு மனுஷன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மூத்தவரின் கணக்கு எனக்குப் பச்சையாகத் தெரிந்தது. கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் ஊர் கேட்கும், பாகம் கொடுக்க வேண்டிவரும். அவளாகவே மனம் நொந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டால், கடையும் வீடும் முழுசாக அவர் கைக்கு வந்துவிடும். அதற்கு அவர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பெண்டாட்டியைப் பயமுறுத்தினால் போதும்.

ஓரகத்தி நிஜமாகவே பயந்தாள். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அவள் நடிக்கவில்லை. மடிப்பை மாடியிலிருந்து இறக்கிச் சாமான் அறையில் போட்டாள். தனித் தட்டு, தனி டம்ளர், தனி வாளி, தனிக் கொடி. மடிப்பு காலடி பட்ட படிக்கட்டைக்கூட ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். மடிப்பு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"பெரியக்கா, தொட்டா வராது, கூடச் சாப்பிட்டா வராது. டாக்டரே சொன்னாரு. மாமாவும் பக்கத்துலதான் இருந்தாரு, கேட்டுப் பாருங்க."

ஓரகத்தி திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள். மூத்தவர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே, "உன் மனசு ஆறுறதுக்கு ஏதாவது சொல்லியிருப்பாங்கம்மா," என்றார். அவ்வளவுதான். ஓரகத்தி முடிவாகச் சொல்லிவிட்டாள். "இதோ பாரு, நீ தொட்டதை நாங்க தொட மாட்டோம். எதையாவது தொட்டேன்னா அது உன்னோடவே இருக்கட்டும். திருப்பி வைக்காதே."

அன்று என் கடைக்கு வந்து, பின்வாசல் பக்கம் உட்கார்ந்து, மடிப்பு அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம் போல இருக்கிறது என்றாள். போட்டால் உன் கையை ஒடிப்பேன் என்றேன்.

நாற்காலி சமாச்சாரம் தற்செயலாக நடந்தது. மாடியில் துணி உலர்த்தப் பெரிய மூட்டையை அவள் தலையில் ஏற்றி அனுப்பினார்கள், சுமக்க மட்டும் அந்தக் கை ஆகும் போலிருக்கிறது. ஏறினவளுக்கு மூச்சு வாங்கியது. கூடத்தில் மூத்தவரின் சாய்வு நாற்காலி கிடந்தது, அப்பா காலத்துத் தேக்கு. யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டாள். ஓரகத்தி போட்ட கூச்சல் என் தையல் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மறுநாள் காலை சாமான் அறைக் கதவைத் திறந்தால் வாசலில் அந்த நாற்காலி.

மடிப்பு ஓடி வந்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, எனக்கு மாமனாரோட நாற்காலி கிடைச்சிருச்சு!"

நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். தொட்டது உன்னோடவே இருக்கட்டும். சொன்னது யார்? அவர்கள்தானே?

"அந்த வீட்டுல உனக்கு வேற என்னடி பிடிக்கும்?" என்று நான் கேட்டேன்.

அடுத்தது ஃப்ரிட்ஜ். வெயில் கொளுத்தின ஒரு மத்தியானம் குளிர்ந்த தண்ணீர் கேட்டதற்கு ஓரகத்தி, குழாயில் பிடித்துக் குடி என்றாளாம். மடிப்பு நேராக உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பாட்டிலை வாயில் வைத்துக் குடித்தாள். பிறகு ஒவ்வொரு தட்டாக, காய் வைக்கிற பெட்டி உட்பட, உள்ளங்கை முழுக்கப் படும்படி பொறுமையாகத் தடவினாள், சட்டையின் முதுகுப் பக்கம் தேய்க்கிற மாதிரி. கதவைச் சாத்திவிட்டு, "இதையும் கீழ எறக்கச் சொல்லிடுங்க பெரியக்கா," என்று இறங்கி வந்துவிட்டாள். கையுறை போட்ட இரண்டு ஆட்கள் அதைக் கீழே கொண்டுவந்தார்கள். மூத்தவர் படிக்கட்டில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

அவருடைய சங்கடம் என்னவென்றால், இதெல்லாம் பொய் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தொட்டால் ஒன்றும் வராது என்று பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஃப்ரிட்ஜ் மிஞ்சும். ஆனால் சொன்னால் மடிப்பைச் சாமான் அறையில் வைக்கக் காரணம் இல்லாமல் போய்விடும், வீதிக்குச் சொன்ன கதையும் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டு புது ஃப்ரிட்ஜ் வாங்கினார்.

மடிப்பு கெட்டிக்காரி, வீணாக எதையும் தொட மாட்டாள். அவர்கள் ஒரு சொல் சொன்னால் இவள் ஒரு பொருளைத் தொடுவாள். சாடையாகப் பேசினதற்கு டி.வி. வந்தது. இவள் கொடியிலிருந்த துணியை அவர்கள் மண்ணில் தள்ளினதற்கு மிக்சி. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு நான் அங்கே போய் உட்கார்ந்து டி.வி. பார்ப்பேன், அவள் குளிர்ந்த தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். "அவருக்குப் பிடிச்ச சேனல் எல்லாம் நல்லா வருதுடி," என்பேன். விழுந்து விழுந்து சிரிப்போம்.

மூத்தவர் அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, "வந்து உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்க, இங்க குழந்தை இருக்கிற வீடு," என்று சொன்னார். அண்ணன்காரன் வீராதி வீரன், அன்றிலிருந்து அவள் போனையே எடுக்கவில்லை. அன்று மத்தியானம் மடிப்பு மாடி ஏறி, வீதியைப் பார்த்த முன்னறைக்குப் போய், மூத்தவரும் ஓரகத்தியும் படுக்கிற கட்டிலில் கையைக் காலை விரித்துப் படுத்தாள். மெத்தையில் புரண்டாள், இரண்டு தலையணையையும் மாற்றி மாற்றிக் கட்டிப்பிடித்தாள். கொஞ்ச நேரம் தூங்கவும் தூங்கினாளாம். அன்று முதல் அந்த அறை அவளுடையதானது. மூத்தவர் குடும்பம் கூடத்தில் பாய் விரித்தது.

ஓரகத்தி அறை வாசற்படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டு, "ஏண்டி எங்களை இப்படி உசுரோட கொல்றே?" என்று அழுதாள். மடிப்பு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அடுத்து எதைத் தொடட்டும் பெரியக்கா?" என்று கேட்டுக்கொண்டே, வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி கூடத்தைச் சுற்றி நிதானமாகக் கண்ணை ஓட்டினாள். கூடத்தில் ஜன்னல் இருந்தது, பீரோ இருந்தது, பீரோவை ஒட்டிக் குட்டி நின்றுகொண்டிருந்தாள். இதை மடிப்பே எனக்கு நடித்துக் காட்டினாள். நான் கை தட்டினேன்.

மூத்தவர் மிச்சத்தைப் பூட்டினார். பீரோவுக்குப் பூட்டு, சமையலறைக்குப் பூட்டு. அவள் காலையில் எழுந்ததும் பல் விளக்கின ஈரக்கையோடு போய் ஒவ்வொரு பூட்டையும் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நிற்பாள். அவ்வளவுதான் அவள் வேலை. பெண்டாட்டி பக்கத்தில் நின்று பார்க்கிறாளே, அதனால் அந்த மனுஷன் தன் வீட்டுப் பூட்டையே கைக்குட்டையைச் சுற்றித் திறந்தார். திறந்ததும் ஓரகத்தி அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கி எரிப்பாள், பூட்டை ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் முக்குவாள்.

கடையை மட்டும் மடிப்பு தொடவில்லை. நான் தூண்டிக்கொண்டே இருந்தேன். "மேஜையைத் தொடேன்டி, இஸ்திரிப் பெட்டியைத் தொடேன்." அவள் தலையாட்டி மறுத்துவிடுவாள்.

"வேணாம்கா. நான் தொட்டேன்னு தெரிஞ்சா வர்றவங்க வர மாட்டாங்க. கடை படுத்துடும். படுத்த கடைல பாதியை வாங்கி நான் என்ன பண்றது? எனக்குத் தெரிஞ்சது அந்த வேலை ஒண்ணுதான்."

அவள் சொன்னதும் நியாயம். அவள் இடத்தில் வைத்த ஆள் தேய்த்த சட்டைகளைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும். பேன்டில் இரட்டை மடிப்பு விழுந்திருக்கும். பாதி வாடிக்கை ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மூத்தவர் கடைசியில் விடுதலைப் பத்திரத்தை எழுதி எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வீதியில் இருக்கிற அத்தனை கடைக்காரர்களையும் திரட்டி, உன்னால் எங்கள் எல்லோருக்கும் ஆபத்து என்று எழுதி வாங்கி, ஆளை வைத்து வெளியே தூக்கிப் போடுவேன் என்றார். அவர் சொன்னால் எங்கள் வீதிக்காரர்கள் கையெழுத்துப் போடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மடிப்பு என்னிடம் வந்தாள். அழவில்லை. "என் வாயால நூறு தடவை சொல்லிட்டேன்கா, ஒருத்தரும் நம்பலை. அவர் வாயால வரணும். கடை போனாப் போகட்டும்."

திங்கட்கிழமை காலையில்தான் லாட்ஜ் மேனேஜர் வருவார். லாண்டரியின் பெரிய வாடிக்கை அந்த லாட்ஜ்தான். வாரத்துக்குச் சேர்ந்த படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் தேய்த்து வெள்ளை வெளேர் என்று அடுக்கிவைத்திருப்பார்கள். அவர் எண்ணிப் பார்த்து வேனில் ஏற்றுவார். அந்த நேரத்தில் டீச்சரும் இருந்தாள், மருந்துக்கடைக்காரரும் இருந்தார். நானும் ஜிப் வைத்துக்கொண்டிருந்த பேன்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன். இதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

மடிப்பு பின்பக்கத்திலிருந்து உள்ளே வந்தாள். தலையை வழித்து வாரி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்திருந்தாள். நேராக மேஜைக்குப் போனாள், தேய்த்துக்கொண்டிருந்தவன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒதுங்கினான். அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். மேஜை விரிப்பைத் தடவினாள். மாட்டியிருந்த சட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக, சுருக்கம் பார்க்கிற மாதிரி, தோளில் தொட்டுக்கொண்டே போனாள். பிறகு லாட்ஜ் விரிப்பு அடுக்கின் மேல் இரண்டு உள்ளங்கையையும் பதித்து வைத்தாள். வைத்தபடி நின்றாள்.

டீச்சர் தன் பையைக் கீழே போட்டுவிட்டாள். மேனேஜர் இரண்டடி பின்னால் போனார். "என்னய்யா இது? இதையா எங்க ரூமுக்கு அனுப்பப் போறே? எல்லாத்தையும் நீயே வச்சுக்க. இன்னியோட நம்ம கணக்கு முடிஞ்சுது."

மூத்தவர் முகத்தில் ஈயாடவில்லை. கல்லாவைத் தாண்டி ஓடிவந்தார். "சார், சார், போகாதீங்க. இதெல்லாம் தொட்டா ஒட்டாது சார்."

"நீதானேய்யா அவ கை படாது, பயப்படாதீங்கன்னு சொன்னே?"

"அது... ஜனங்க பயப்படுறாங்களேன்னு சொன்னேன் சார். சத்தியமா ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. பெரிய டாக்டர் என்கிட்டயே சொல்லியிருக்காரு சார்!"

மடிப்பு கையை எடுக்கவே இல்லை. பணிவாக, வீட்டில் பேசுகிற குரலில் கேட்டாள். "எப்ப சொன்னாரு மாமா?"

"உனக்குத் தெரியாதா? தம்பி ஆஸ்பத்திரில இருந்தப்பவே சொன்னாரே. நீயும்தானே..."

அங்கே நிறுத்தினார். நிறுத்தி என்ன பிரயோஜனம்? மாடிப்படியின் கடைசிப் படியில் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்திருக்கிறாள், கையில் ப்ளீச்சிங் பவுடர் வாளி. குட்டி அவள் பின்னால்.

ஓரகத்தி வாளியைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருஷமாத் தெரியுமா உங்களுக்கு?"

"இல்லடி, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"அப்ப என் ஃப்ரிட்ஜை எதுக்குய்யா தூக்கி வெளிய வச்சீங்க?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் ஓரகத்தி சிரிப்புக்காகக் கேட்கவில்லை. இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்து, நகத்தைச் சுற்றிப் புண்ணாகி இருந்தது. "இதைப் பாருங்க. தெனமும் பார்த்தீங்கள்ல? பூட்டைக் கழுவும்போது பக்கத்துல நின்னு பார்த்தீங்கள்ல? என் குழந்தைக்கு வந்துடுமோன்னு ராவெல்லாம் தூங்காம கெடந்தேனே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

வாளியைத் தூக்கி அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். நான் கையால் தொடாமல், வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல், கண்ணால் மட்டும் அனுபவித்த மிகப் பெரிய சந்தோஷம் அது. தேய்த்த சட்டையெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்துப்போனது. போகட்டும்.

அவர் திரட்டுவேன் என்று மிரட்டின அதே கடைக்காரர்கள் முன்னால்தான் பாகம் பிரிந்தது. அவர்களுக்கு மடிப்பு மேல் பாசம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. தங்களையும் சேர்த்து முட்டாளாக்கினான் என்ற ஆத்திரம்தான். வீதியைப் பார்த்த முன்னறையும் கடையில் பாதியும் அவள் பேருக்கு ஆயின. கடைக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். ஓரகத்தி, மடிப்பின் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சுக்கடி என்று சொன்னாள். மூத்தவரிடம் பேசுவதை நிறுத்தினவள் நிறுத்தினவள்தான்.

அதோடு மடிப்பு விட்டிருப்பாள் என்று நினைக்கிறீர்களா? பாகம் எழுதுகிறபோதே எல்லோர் முன்னாலும் ஒன்று கேட்டுவிட்டாள். "காலைல கடை திறக்கிற நேரத்துல மாமா என் கடை வாசல்ல வந்து நின்னு, நான் குடிச்ச டம்ளர்ல மிச்ச டீயைக் குடிக்கணும். வீதி பார்க்கணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

அவர் குடித்தார். வேறு வழி? மழை பெய்த அன்றும் குடை பிடித்துக்கொண்டு வந்து குடித்தார். முதல் சில நாள் கூட்டமே நின்று பார்த்தது. மருந்துக்கடைக்காரர் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். காய்ச்சல் வருமா, இளைப்பாரா என்று காத்திருந்தார்கள். அவர் இளைக்கவே இல்லை, அவமானத்திலும் மனுஷன் குண்டாகத்தான் இருந்தார். டீச்சர் ஒரு பை துணியோடு மெதுவாக வந்தாள். பிறகு லாட்ஜ் வேன் வந்தது. ஆயிரம் போஸ்டர் ஒட்டியிருந்தாலும் ஏறாத விஷயம், அவர் தொண்டையில் டீ இறங்கினதைப் பார்த்து எங்கள் வீதிக்கு மண்டையில் ஏறியது. மடிப்பு இன்னும் போதும் என்று சொல்லவில்லை. சொல்லாதே என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தாள். மடிப்பின் கடை வாசலில் தண்ணீர் சிந்தியிருந்தது. கால் வழுக்கிக் குழந்தை முழங்கால் அடிபட விழுந்தாள். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. மடிப்பு இஸ்திரிப் பெட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, "ஐயோ கண்ணு!" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். பாகம் பிரிந்த பிறகு குட்டி இந்தப் பக்கம் வருவதில்லை, பள்ளிக்கூட வேலை இருக்கும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

நீட்டின கையைப் பார்த்ததும் குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. உட்கார்ந்தபடியே, அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு, பின்னால் பின்னால் நகர்ந்து சுவரில் போய் முட்டினாள்.

"வேணாம் சித்தி. நான் ஒண்ணும் பண்ணலையே. உங்களை நான் ஒண்ணுமே சொல்லலையே சித்தி."

நான் என் கடைப் படியில் நின்றிருந்தேன். கோபப்பட ஆளைத் தேடினேன், மூத்தவர்கூட அப்போது கடையில் இல்லை.

மடிப்பு மெதுவாகக் கையை இறக்கினாள். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு, "சரி கண்ணு, தொடலை. நான் தொடலை," என்றாள். குழந்தை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கை எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துத் தானே எழுந்து, நொண்டி நொண்டி மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.